எறும்பை நான் பாத்துக்கிறேன்

பட்டாசு ஆலை கேட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே! நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற போகிற காருக்குச் சல்யூட் அடிக்கிற வேலை என்று சொல்லி யாராவது உங்களை அனுப்பியிருந்தால் அவர்கள் நன்றாக இருக்கட்டும். பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் பயராபீஸ் என்போம். பயராபீஸ் கேட்டில் நாற்காலி கிடக்கும். அதில் உட்கார நேரம்தான் இருக்காது.

பீடி, தீப்பெட்டி, செல்போன், இரும்புச் சாமான் இதையெல்லாம் வாங்கி வைக்க இரண்டு நாளில் பழகிவிடுவீர்கள். அதைப் பற்றிப் பேச நான் வரவில்லை. உள்ளே போகிற ஒவ்வொரு ஆம்பளையையும் வாயை ஊதச் சொல்லி மோந்து பார்க்கிறீர்களே, அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதில் நான் செய்த தப்பில் ஒருவன் உயிரும், பக்கத்து ரூமில் இருந்த நாலு பொம்பளைகள் உயிரும் போகப் பார்த்தது. 

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். வெளியில் நாலு பேர் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்கு நானே சொல்வது மேல். நான் குடிகாரன். நாரணாபுரம் பக்கம் ஒரு பயராபீஸில் போர்மேனாக இருந்தவன். பட்டப்பகலில் ரூம் ரூமாகப் பார்த்துவரப் போய், திரி வைக்கிற ரூம் படியில் தலைகுப்புற விழுந்தேன். வழுக்கி விழவில்லை, போதையில் விழுந்தேன். அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்கள். என் மனைவி நகையை விற்றாளா, யார் காலில் விழுந்தாளா, இன்றுவரை சொல்லவில்லை. குடியை நிறுத்துகிற ஒரு வார்டில் கொண்டுபோய் என்னைச் சேர்த்தாள்.

அந்த வார்டில் ஒரு நர்சம்மா இருந்தார். நான் வேலை கற்றது அவரிடம்தான் என்றால் சிரிப்பீர்கள். சேர்ந்த மூன்றாம் நாள் என் படுக்கை விரிப்பு முழுக்கக் கட்டெறும்பு. கை, கால், காது எல்லாம் ஊர்கிறது. தட்டுகிறேன், தட்டுகிறேன், போகவே மாட்டேன் என்கிறது. எறும்பே இல்லை என்று என் மனைவி அழுகிறாள். எனக்கு அவள்மேல் கொலைவெறி வந்தது. கண்முன்னால் ஊர்கிறதை இல்லை என்கிறாளே! அந்த நர்சம்மா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து நின்று, “எறும்பை நான் பாத்துக்கிறேன், நீங்க கையை இங்க கொடுங்க” என்றார். கொடுத்தேன். பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான். எறும்பு போகவில்லை, ஆனால் தட்டுவதை நான் நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று அவரே எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து நாலைந்து விஷயம் சொன்னார். அதில் ஒன்று: “நாள் தவறாம குடிக்கிறவுங்க யாரையும் திடீர்னு வீட்ல வச்சு நிறுத்தச் சொல்லாதீங்க. ரெண்டு மூணு நாளைக்குள்ள கண்ணுக்கு இல்லாததெல்லாம் தெரியும், வலிப்பு வரும், உயிரே போயிரும். இங்க கூட்டிட்டு வாங்க.” நான் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினேன். எப்போது வீட்டுக்குப் போவோம் என்பதே நினைப்பு. அந்த வார்த்தையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பழைய முதலாளி நல்ல மனுஷர். திரும்பக் கூப்பிட்டு, கேட்டில் நிற்கிற வேலை கொடுத்தார். “என்னய்யா, கேட்டுக்கு உள்ள ஒரு வேப்பமரம் நிக்குல்ல? அதுதான் உனக்கு எல்லை. அதைத் தாண்டி வெடிமருந்துப் பக்கம் காலு வைக்கக்கூடாது. ஒரு நா வாடை வந்தாலும் அம்புட்டுதான், மூஞ்சியில முழிக்காத.” சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

சிகிச்சை முடிந்து வந்தவன் குணமாகிவிட்டான் என்று ஊர் நினைக்கிறது. அட போங்க! வார்டில் நாலு சுவர் இருந்தது. வெளியில் என்ன இருக்கிறது? சாயந்திரம் ஆறு மணி இருக்கிறது. இருபது வருஷமாக ஆறு மணிக்கு என் கை எங்கே போக வேண்டும் என்று அதற்குத் தெரியும். இப்போது அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெங்காயம் உரித்தேன். கிழியாத வேட்டியைத் தைத்தேன். கடை இருக்கிற ரோட்டில் போகப் பயந்து கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கல்யாண வீட்டுக்குப் போகவில்லை. எழவு வீட்டுக்குப் போனாலும் மாலையைப் போட்டுவிட்டு நிற்காமல் திரும்பினேன். இருமல் மருந்து குடிக்கப் பயந்து பத்து நாள் இருமினேன். பயம், பயம், எதைத் தொட்டாலும் பயம். வீட்டு வாசலில் என் மனைவி நிற்பாள். மூக்கை மட்டும் என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருவாள். நான் ஊதுவேன். அவள் விலகி வழிவிடுவாள். காலையில் நான் கேட்டில் செய்கிற வேலையைச் சாயந்திரம் அவள் செய்தாள்.

கேட்டு வேலை எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று முதலாளிக்குத் தெரிந்திருக்காது. தினமும் அறுபது வாய். ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை என்றால் பாதி வாயில் பழைய வாடை இருக்கும். மோந்து பார்த்துவிட்டு எச்சிலை விழுங்குவேன். இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. வாடையே இல்லாத இடத்திலும் எனக்கு வாடை அடித்தது. தண்ணீர்ப் பானையில் அடித்தது, என் சட்டையில் அடித்தது. எது நிஜ வாடை, எது என் ஆசை என்று பிரிக்கத் தெரியவில்லை.

அப்படித்தான் ஒரு நாள் திரி வைக்கிற பெரியவர் ஒருவரை நிறுத்திவிட்டேன். அறுபது வயசு மனுஷர், வெற்றிலைகூடப் போடாதவர். “ஊதுங்க” என்றேன், ஊதினார், எனக்குக் குப்பென்று அடித்தது. “ஓரமா நில்லுங்க” என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. “காலையில நீத்தண்ணிதான் குடிச்சேன்” என்று மெதுவாகச் சொன்னார். முதல்நாள் சோற்றில் ஊற்றிவைத்த தண்ணீர்! புளித்த வாடைதான். பின்னால் நின்றவர்களெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். “அண்ணாச்சி மூக்குக்குக் கஞ்சியெல்லாம் சாராயமாத் தெரியுதுலே!” என்றான் ஒருவன். அந்தப் பெரியவர் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பூராவும் கை ஓடவில்லை என்று வேலை செய்யாமல் வெளியே உட்கார்ந்திருந்தாராம். குடிக்காதவரை, குடிகாரன் நான், ஊர்முன்னால் குடிகாரன் என்று நிறுத்திவிட்டேன். அதற்கப்புறம் என் மூக்கை நம்ப எனக்கே பயம் வந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் காளிராஜ் கதை.

காளிராஜ் மருந்து கலக்குகிறவன். வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் இதையெல்லாம் சல்லடையில் கையால் சலித்துக் கலக்குகிற வேலை. காலையிலேயே செய்து முடித்துவிட வேண்டும். ரூமில் அவன் ஒருத்தன்தான் இருப்பான். பயராபீஸில் அதைவிடப் பயமான வேலை கிடையாது, அவனைவிட நல்ல கையும் கிடையாது. என்னைவிட ஆறு வயசு சின்னவன். நான் குடித்த காலத்தில் எனக்குக் கூட்டாளி. ஒரே பாட்டில், ஒரே டம்ளர்.

நான் திருந்திவந்து கேட்டில் நின்றபோது அவன் கொய்யா இலையை மென்றுகொண்டு வருவான். வாடையை மறைக்கிறானாம்! எனக்கே அந்த வித்தையா? நான் சொல்லிக்கொடுத்ததல்லவா அது. ஒரு வாரத்தில் இரண்டு தடவை திருப்பி அனுப்பினேன். தீபாவளி சீசன். மருந்து கலக்க ஆள் இல்லாமல் ரூம்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மூன்றாம் தடவை, அது ஒரு சனிக்கிழமை, அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“அண்ணாச்சி, ஊருக்கே தெரியும் நீரு யாருன்னு. ஒரு மாசம் கட்டில்ல படுத்துட்டு வந்தா பெரிய சாமியாரா நீரு?”

எல்லாரும் பார்க்கிறார்கள். நீத்தண்ணிப் பெரியவரும் பார்க்கிறார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஆமாலே, சாமியார்தான். எனக்கு முடிஞ்சது உனக்கு முடியாதா? நீயெல்லாம் ஒரு ஆம்பளையா? திங்கக்கிழமை வாடையில்லாம வந்து காட்டு. இந்தக் கேட்டுல நானே கையைத் தட்டி உன்னை உள்ள விடுறேன்.”

இதுதான் நான் செய்த முதல் தப்பு. வார்டில் சொன்ன வார்த்தை ஒன்றுகூட அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. நல்லதுதானே சொல்கிறோம் என்ற கர்வம் வேறு.

காளிராஜ் ரோஷக்காரன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு நிறுத்திவிட்டான். திங்கட்கிழமை வந்தான். ஊதினான். வாடையே இல்லை! எனக்கு நம்ப முடியவில்லை. இன்னொரு தடவை ஊதச் சொன்னேன். சுத்தம். சொன்னபடி கையைத் தட்டினேன். வரிசையில் நின்ற மற்றவர்களும் தட்டினார்கள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போனான். அன்றைக்குச் சாயந்திரம் வீட்டில் நான் இருந்த இருப்பைப் பார்க்க வேண்டுமே! ஒருத்தனைத் திருத்திவிட்டேன் என்று மனைவியிடம் அளந்து தள்ளினேன். அவள் மட்டும், “எந்த ஆஸ்பத்திரியில சேந்தாரு?” என்று கேட்டாள். “ஆஸ்பத்திரி எதுக்கு? மனசு இருந்தாப் போதும்” என்றேன். என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை. மழை வரப்போகிற மாதிரி காற்று ஜில்லென்று அடித்தது. காளிராஜ் வந்தான். முகமெல்லாம் வேர்வை. ஊதினான், சுத்தம். தூக்குவாளியை என்னிடம் கொடுத்தபோது மூடி கடகடவென்று ஆடியது. அதை நான் பார்த்தேன், கேட்டேன். ஆனால் மூக்கு சுத்தம் என்று சொல்லிவிட்டதே, அப்புறம் என்ன? தோள்பட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே நின்றான்.

“என்னலே தட்டுற?”

“எறும்பு அண்ணாச்சி. காலையில இருந்து ஒரே எறும்பா இருக்கு.”

“இனிப்பானவனாகிட்டல்ல, அதான் எறும்பு மொய்க்குது” என்று கேலி பேசி உள்ளே அனுப்பிவிட்டேன். வேப்பமரத்தைத் தாண்டி அவன் போவதைப் பார்த்துவிட்டு கேட்டைச் சாத்தினேன். செல்போன் பெட்டியைப் பூட்டிச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகினேன். நோட்டில் அவன் பெயருக்கு நேரே டிக் போட்டேன்.

பேனாவை மூடும்போதுதான் எனக்கு உறைத்தது. எறும்பு.

படுக்கை விரிப்பும், கட்டெறும்பும், நர்சம்மா சொன்னதும் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. ரெண்டு மூணு நாளைக்குள்ள. ஞாயிறு மத்தியானம், திங்கள், செவ்வாய். விரல்விட்டு எண்ணினேன். வலிப்பு வரப்போகிறவனை, கண்ணுக்கு இல்லாதது தெரிகிறவனை, கையைத் தட்டி மருந்து ரூமுக்குள் அனுப்பிவைத்திருக்கிறேன். அந்த ரூமுக்கு நேரெதிரே, ஒரு மண்மேட்டுக்கு அந்தப் பக்கம், குழாயில் மருந்து அடைக்கிற ரூம். அதில் நாலு பொம்பளைகள்.

மேனேஜர் சூலக்கரை கலெக்டர் ஆபீஸுக்குப் போயிருந்தார். போர்மேன் மறுகோடியில் லோடு ஏற்றுகிற இடத்தில். உள்ளே யாரிடமும் போன் கிடையாது, நாம்தான் வாங்கி வைத்திருக்கிறோமே! சைரன் இருந்தது. கையைக் கொண்டுபோனேன், எடுத்துவிட்டேன். சல்லடையைக் கையில் வைத்திருக்கிறவன் காதில் சைரன் விழுந்தால் என்ன செய்வான்? தூக்கிப் போடுவான். பக்கத்து ரூம் பொம்பளைகள் எழுந்து ஓடுவார்கள், எதையாவது தட்டிவிடுவார்கள். தம்பிகளே, சைரன் வெடித்த பிறகு அடிப்பதற்கு. வெடிக்கப்போகிற நேரத்தில் அதை அடித்தால் நாமே வெடிக்க வைத்த மாதிரி. அது எனக்கு எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. தோன்றியது, அவ்வளவுதான்.

பொம்பளைகளைச் சோதனை போடுகிற பேச்சியம்மாள் பக்கத்தில் இருந்தாள். “கேட்டைப் பாத்துக்க, நான் உள்ள போறேன்” என்றேன்.

“எங்க போறீக அண்ணாச்சி? உங்களுக்கு மரத்தைத் தாண்டக் கூடாதுல்ல?”

“வந்து சொல்றேன்.” செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன்.

நடந்தேன். ஓடவில்லை. பயராபீஸுக்குள் ஒருவன் ஓடினால் அத்தனை பேரும் ஓடுவார்கள், அது உங்களுக்குத் தெரியும். மருந்து ரூம், கேட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். அந்தத் தூரம் அன்றைக்கு முடியவே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் இப்போது, இப்போது என்று காது அடைத்தது. வெளிச்சம் முதலில் வருமா, சத்தம் முதலில் வருமா என்றுகூட யோசித்தேன். பெட்டி ஒட்டுகிற ரூமிலிருந்து ஒருத்தி, “என்ன அண்ணாச்சி, மாப்பிள்ளை நடை நடக்கீக?” என்று கேட்டாள். சிரித்தேன். அந்தச் சிரிப்பை எப்படிச் சிரித்தேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

மருந்து ரூமுக்குப் பத்தடி இருக்கும்போது ‘கிளிங்’ என்று ஒரு சத்தம். எங்கிருந்து? இன்னொரு அடி வைத்தேன். மறுபடியும் ‘கிளிங்’. என் இடுப்பிலிருந்து.

சாவிக்கொத்து. இரும்புச் சாவி ஏழு, உரசினால் பொறி பறக்கும். கொண்டை ஊசியைக்கூட வாங்கி வைக்கிற கேட்டுக்காரன், இடுப்பில் ஏழு இரும்பைச் செருகிக்கொண்டு மருந்து ரூம் வாசலுக்கு வந்துவிட்டேன்! காளிராஜ் கையால் வெடிக்காவிட்டாலும் என் இடுப்பால் வெடித்துவிடும். திரும்பிப்போய் வைத்துவிட்டு வர நேரம் இல்லை. கீழே போடவும் முடியாது. கொத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து, ஒன்றோடொன்று உரசாமல் உள்ளங்கையில் இறுக்கினேன். ரூமுக்கு எட்டத்தில் மணல் வாளி வரிசையாகத் தொங்கும், பார்த்திருப்பீர்கள். கையோடு மணலுக்குள் நுழைத்து, உள்ளே விட்டுவிட்டு, கையை மட்டும் வெளியே எடுத்தேன்.

பிறகு வாசலில் போய் நின்றேன். உள்ளே போகவில்லை.

காளிராஜ் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தான். முன்னால் ரப்பர் விரிப்பு, அதன்மேல் காகிதம், அதன்மேல் சலித்த மருந்து சாம்பல் நிறத்தில் குவிந்திருந்தது. சல்லடை அவன் இடது கையில் நடுங்கிக்கொண்டிருந்தது. வலது கையை ஓங்கினபடி குவியலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“காளி” என்றேன். நோட்டில் பெயரைக் கூப்பிடுகிற மாதிரி, சாதாரணமாக.

அவன் திரும்பவில்லை. “அண்ணாச்சி, மருந்துல எறும்பு ஏறிருச்சு. பாருங்க, எம்புட்டு எறும்பு! தட்டி விட்டுட்டு வாரேன்.”

அவன் தட்டினால் போதும். வேறெதுவும் வேண்டாம். எறும்பு இல்லைலே என்று என் வாய்வரை வந்துவிட்டது. அப்படிச் சொன்ன என் மனைவியை நான் எப்படிப் பார்த்தேன் என்பது ஞாபகம் வந்தது. எனக்கு என்னவோ பெரிய புத்தி இருந்து நான் பேசவில்லை, அந்த நர்சம்மா சொன்னது அப்படியே என் வாயில் வந்தது.

“எறும்பை நான் பாத்துக்கிறேன். நீ கையை இங்க கொடு.”

“நீங்க பாத்துக்கிறீகளா?”

“நான் பாத்துக்கிறேன். சல்லடையை மெதுவா விரிப்பு மேல வையி. நோட்டுல உன் கையெழுத்து விட்டுப்போச்சு, போட்டுட்டு வந்துரு.”

ஓங்கிய கை அப்படியே இருந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பளை தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பிறகு அவன் கை இறங்கியது. சல்லடையை வைத்தான். இரண்டு கைகளையும் பச்சைப்பிள்ளை மாதிரி என் பக்கம் நீட்டினான். வாசலுக்கு வெளியே நின்றபடியே பிடித்துக்கொண்டேன். அவன் கை குளிர்ந்து, நனைந்து, ஆடிக்கொண்டிருந்தது. என் கையும் ஆடியது. யார் ஆட்டம் எது என்று தெரியவில்லை.

பேசிக்கொண்டே கூட்டிவந்தேன். என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை, எறும்பைப் பற்றித்தான் ஏதோ. வேப்பமரத்தைத் தாண்டி நாலு அடி வைத்திருப்போம். அவன் கண் மேலே சொருகியது. பல்லைக் கடித்தான். வெட்டி இழுத்துக் கீழே விழுந்தான்.

பேச்சியம்மாள் அலறினாள். “வலிப்பு அண்ணாச்சி! இரும்பு கொடுங்க, சாவியைக் கொடுங்க!” வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுத்தால் நிற்கும் என்று எங்கள் ஊரில் எல்லாரும் ஓடுவார்கள். சாவி மணல் வாளிக்குள் கிடந்தது. “இரும்பு ஒண்ணும் செய்யாது, தள்ளி நில்லு” என்று சொல்லி, வார்டில் பார்த்தபடி அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன், தலைக்குக் கீழே என் துண்டை வைத்தேன். இழுப்பு நின்றது. கம்பெனி வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வேன் கிளம்பிய பிறகு நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க இரண்டு பேர் வர வேண்டியிருந்தது.

முதலாளி மத்தியானம் வந்தார். எல்லாரும் என்னைப் பாராட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. “நான்தான் அவனை நிறுத்தச் சொன்னேன். நடுக்கத்தைப் பாத்தும் உள்ள விட்டேன். சாவியோட மருந்து ரூம் வாசலுக்குப் போயிட்டேன்” என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சாவி என்றதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. “பத்து நா வீட்ல இரு. அப்புறம் வா” என்று மட்டும் சொன்னார். நியாயம்தான்.

அன்றைக்குச் சாயந்திரம் கண்மாய்க் கரையில் என் கால் நின்றது. கடைக்குப் போகிற ரோட்டைப் பார்த்து நின்றது. அன்றைக்குக் குடித்திருந்தால் ஊரில் யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள், அதுதான் பெரிய பயம். எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. வாசலில் என் மனைவி நின்றாள். என் கை ஆடுவதைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது. மூக்கைக் கொண்டுவந்தாள். ஊதினேன். வாடை இல்லை. அவளுக்குப் புரியவில்லை. “குடிக்கல. பயந்துட்டேன்” என்றேன். அவள் வழிவிடவில்லை. அங்கேயே, வாசலிலேயே, என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பத்து நாள் கழித்துப் போனதும் கேட்டில் ஒரு பழக்கம் கொண்டுவந்தேன். ஊதச் சொல்வதோடு கையையும் நீட்டச் சொன்னேன். புறங்கையில் ஒரு பட்டாசு லேபிள் காகிதத்தை வைப்பேன். சிவகாசியில் லேபிளுக்கா பஞ்சம்? காகிதம் ஆடினால் வேப்பமரத்து நிழலில் உட்காரவைத்து, எப்போது கடைசியாகக் குடித்தாய் என்று கேட்பேன். திட்டுவதில்லை. துணைக்கு ஒரு ஆளைப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். உங்கள் மேனேஜர் இந்தக் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். வாடை அடிக்கிறவனை யார் வேண்டுமானாலும் பிடித்துவிடலாம். வாடை அடிக்காமல் வருகிறவன் முகத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள்.

காளிராஜ் வார்டில் ஒன்றரை மாதம் இருந்துவிட்டு வந்தான். மருந்து ரூமுக்குத் திரும்பப் போகவில்லை, அவனுக்கும் மனசில்லை. என்னோடு கேட்டில் போட்டார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு அவன்தான் அங்கே நிற்கிறான்.

போன மாதம் ஒரு கையெழுத்துக்காகக் கூப்பிட்டிருந்தார்கள். காலை நேரம். கேட்டில் வரிசை நின்றது. நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் காளிராஜ் நிமிர்ந்து பார்த்தான். “ஊதுங்க அண்ணாச்சி” என்றான்.

நான் குடித்துப் பல வருஷம் ஆகிறது. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனாலும் அவன் முகம் என் வாய்க்குப் பக்கத்தில் வந்ததும், எனக்கே தெரியாமல் நேற்றுக் குடித்திருப்பேனோ என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தேன். நீத்தண்ணி குடித்த அந்தப் பெரியவர் என் முன்னால் நின்றபோது இப்படித்தான் நின்றிருப்பார் என்று அப்போதுதான் தெரிந்தது. ஊதினேன்.

“கையை நீட்டுங்க.”

நீட்டினேன். லேபிளை வைத்தான். லேபிள் ஆடியது. நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவன் விடவில்லை. காகிதத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“ஆடுதேலே” என்றேன்.

“ஆடட்டும் அண்ணாச்சி. எனக்குந்தான் தினமும் ஆடுது” என்றான்.

வரிசையில் பின்னால் நின்றவர்கள் நேரமாகிறது என்று சத்தம் போட்டார்கள். அவன் காதில் வாங்கவில்லை. என் கை நிற்கிறவரை பிடித்திருந்துவிட்டுத்தான் உள்ளே விட்டான்.